ஜவரம்மாவின் எழுத்து

‘பயனர் தவறு. குறியீடுகளைப் படிக்காமல் கம்பிகளை இணைத்திருக்கிறார்.’

இந்த வரிகளை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, கருகிய போர்டில் கட்டி, அலமாரியில் வைத்தவன் நான். பெயர் லோகேஷ். பீண்யா தொழிற்பேட்டை இரண்டாம் ஸ்டேஜில், போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டைச் செய்கிற கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் பதினொரு வருஷமாக இருந்தேன். பழுதாகித் திரும்பி வரும் போர்டுகள் என் மேஜைக்குத்தான் வரும். என்ன காரணம் என்று பார்த்து எழுத வேண்டும். ‘பயனர் தவறு’ என்று எழுதிவிட்டால் கம்பெனி புது போர்டு கொடுக்க வேண்டியதில்லை. எழுதி எழுதி எனக்குக் கை பழகியிருந்தது. யோசிக்காமலே அந்த வரி வந்துவிடும்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வலது கை முழுக்கக் கட்டுப் போட்ட ஒரு ஆள் கம்பெனி கேட்டில் வந்து நின்றார். சிராவுக்குப் பக்கத்து ஊர்க்காரர், மோட்டார் மெக்கானிக், பெயர் திப்பேஸ்வாமி. எங்கள் போர்டு வெடித்ததில் கை வெந்துபோயிருந்தது. மாற்றுப் போர்டு கேட்டு வந்தவரை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அந்த நேரம் பார்த்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வனஜாக்ஷி வந்து சேர்ந்தாள்.

வனஜாக்ஷி டிசைன் பிரிவு. அரசிகெரெக்காரி. போர்டில் எந்தச் செம்புத் தடம் எந்த வழியாக ஓட வேண்டும், எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும், பச்சைப் பரப்பின் மேல் வெள்ளை மையில் என்ன எழுத்து வர வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைபவள் அவள். அந்த ஆளை எதிரிலிருந்த கடைக்குக் கூட்டிப்போய் ஒரு காபியை இரண்டு தம்ளரில் பிரித்துத் தரும் பை-டூ சொல்லி உட்கார வைத்திருக்கிறாள். அரை மணி நேரம் கழித்து நேராக என் மேஜைக்கு வந்தாள். அலமாரியிலிருந்து அந்தப் போர்டைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தாள்.

“லோகேஷ், இந்தச் சீட்டு நீங்க எழுதினதா?”

“ஆமா. ஏன்?”

“குறியீட்டைப் படிக்கலன்னு எழுதியிருக்கீங்க. இந்த இடத்துல என்ன குறியீடு இருக்கு? படிங்க.”

“எஸ்.என்.எஸ்.”

“பக்கத்துல?”

“எல்.த்ரீ.”

“வெளியில உக்காந்திருக்காரே, அவர் கன்னடப் பேப்பரை முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிப்பார். எஸ்.என்.எஸ்.னா சென்சார்னு எப்படித் தெரியும் அவருக்கு? மூணாவது ஃபேஸ் கம்பியை அதுல சொருகிட்டார். பக்கத்து ஓட்டை. அவ்வளவுதான் வித்தியாசம். படிக்கலையாம்! நாம எழுதவே இல்லையே!”

“நான் என்னங்க பண்றது, வழக்கமா எழுதுறதுதானே” என்று முனகினேன்.

“அந்த வழக்கத்தைத்தான் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, போர்டைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். போனேன்.

முதலாளி சேஷகிரி கெட்டவர் இல்லை. ஒற்றை லேத் மெஷினோடு ஆரம்பித்து முப்பது வருஷத்தில் இந்த அளவுக்குக் கொண்டுவந்தவர். தன் வழியில் வந்தவர்களெல்லாம் பிழைத்துக்கொண்டார்கள், அதனால் தன் வழிதான் வழி என்று நம்புகிறவர்.

“சர்க்யூட் போர்டுன்னா இங்கிலீஷ்தாம்மா. உலகம் பூரா அப்படித்தான்” என்றார்.

“உலகம் பூரா இருக்கிறவங்க பாவகடாவுல போர் போடல சார். நம்ம போர்டைப் பூட்டுறவங்க எல்லாரும் சிரா, பாவகடா, மதுகிரி ஆளுங்க.”

“கன்னடத்துல அச்சடிச்சா ஏதோ ஊறுகாய் டப்பா மாதிரி இருக்கும். டீலர் சிரிப்பான்.”

“கை வெந்தவர் சிரிக்கல சார்.”

அவர் முகம் மாறியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. “சரி, நான் வேணாம்னு சொல்லல. உன் சாஃப்ட்வேர்ல கன்னடம் வருமா? அதைச் சொல்லு.”

வராது. அது அவருக்கும் தெரியும். எங்கள் டிசைன் சாஃப்ட்வேரில் கன்னடத்தில் தட்டினால் வரிசையாகக் காலிக் கட்டங்கள்தான் வந்தன. அதில் எழுத்து என்பது அச்சு எழுத்து மாதிரி உடம்பு உள்ளதல்ல. ஒரு பேனா எங்கே இறங்குகிறது, எந்தப் புள்ளி வரைக்கும் இழுக்கிறது, எங்கே தூக்குகிறது என்பதுதான் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் ஒரு சங்கிலி. ஆங்கிலத்துக்கு எவனோ எப்போதோ உட்கார்ந்து அந்தச் சங்கிலிகளைக் கோத்து வைத்துவிட்டான். கன்னடத்துக்கு எங்கள் சாஃப்ட்வேரில் யாரும் கோக்கவில்லை.

“வராது சார். நான் வர வைக்கிறேன்” என்றாள் வனஜாக்ஷி.

சேஷகிரி சிரித்தார். “பண்ணிக்கோம்மா. ஆனா கம்பெனி நேரத்துல பண்ணாதே. உனக்கு இங்க வேலை இருக்கு.”

அன்றைக்கு அவளை அடக்கிவிட்டதாகத்தான் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு செய்தித்தாளின் தலைப்பு எழுத்துகளைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். படத்தைச் சுத்தக் கறுப்பு வெள்ளையாக்கி, ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு பக்கமும் சுரண்டிச் சுரண்டி, நடுவில் ஒற்றை நூலாக மிஞ்சும்வரை மெலிய வைக்கிற ஒரு சின்ன புரோகிராம் கிடைத்தது. அந்த நூலைத்தான் பேனா வழியாக மாற்ற வேண்டும். திங்கட்கிழமை மதியம் எனக்குக் காட்டினாள். சகிக்கவில்லை. அச்சு எழுத்து ஒரு இடத்தில் தடிமன், ஒரு இடத்தில் மெல்லிசு. தடிமனான இடமெல்லாம் மெலியும்போது பக்கவாட்டில் முடி முடியாகக் கிளை விட்டிருந்தது.

“கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கு” என்றேன்.

“தெரியுது. சும்மா இருங்க” என்றாள்.

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அசெம்பிளி ஹால் பக்கம் போனோம். அங்கே இருபத்தாறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து போர்டில் பாகங்களைச் சொருகி ஈயம் வைப்பார்கள். சுவரில் ஒரு கரும்பலகை. லைன் லீடர் ஜவரம்மா தினமும் காலையில் அன்றைய இலக்கையும், யாருக்கு எந்த இடம் என்பதையும் சாக்பீஸில் எழுதி வைப்பாள். மத்தூர்ப் பக்கத்துக்காரி, நாற்பத்து மூன்று வயது, வாய் கொஞ்சம் நீளம். ஆனால் எழுத்து உருண்டையாக, ஒரே தடிமனில், பலகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு பிசிறில்லாமல் ஓடும்.

அந்தப் பலகையை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். வனஜாக்ஷியும் பார்த்திருப்பாள். அன்றைக்குத்தான் அவள் நின்றாள்.

“லோகேஷ், இது ஏற்கெனவே நூல்தான். சுரண்டவே வேண்டாம்.”

சாக்பீஸ் எழுத்தைப் படம் எடுத்தால் பொடி உதிர்ந்த இடத்திலெல்லாம் கோடு அறுந்துபோனது. அதனால் மார்க்கர் பேனாவும் கட்டம் போட்ட தாளும் வாங்கிக்கொண்டு மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜவரம்மாவின் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“என் கையெழுத்தா மேடம்? நான் எட்டாவது ஃபெயிலு.”

“ஃபெயில் ஆனது நீங்க ஜவரக்கா. எழுத்து பாஸ். எழுதுங்க.”

சுற்றியிருந்த பெண்கள் ராகிக் களியையும் குழம்பையும் விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். “ஜவரக்கா, நல்லா எழுது. புருஷனுக்கு எழுதுற லிஸ்ட் மாதிரி எழுதாதே” என்றாள் ஒருத்தி.

“அவனுக்கு எழுதுறதாவது, அவன் படிச்சா இல்ல?” என்றாள் ஜவரம்மா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வனஜாக்ஷி ஒரு எழுத்தில் விரலை வைத்தாள். “இந்தச் சுழிக்குள்ள இடம் பத்தாது. அச்சுல ரெண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. மை ஊறி மூடிக்கும். கொஞ்சம் அகலமாப் போடுங்க.”

“எவ்வளவு அகலம்?”

“ஒரு எறும்பு உள்ள போய்த் திரும்பி வரணும்.”

“எறும்புக்கு வீடு கட்டச் சொல்றீங்க. கட்டுறேன்.”

நான்கு நாள் சாப்பாட்டு நேரம் முழுக்க எழுதினாள். அதற்குப் பிறகு வனஜாக்ஷிக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமை. நூல் இப்போது சுத்தமாக வந்தது. ஆனால் இரண்டு கோடு குறுக்கே வெட்டுகிற இடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு போனது. அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்தினாள். வளைவுக்கு வளைவு தேவையில்லாத புள்ளிகளைக் களைந்தாள். எங்கள் கன்னடத்தில் ஒரு எழுத்துக்குக் கீழே இன்னொரு எழுத்து தொங்கும். அது அந்தச் சாஃப்ட்வேரின் மண்டையில் ஏறவில்லை. அப்படித் தொங்குகிறதையெல்லாம் ஜோடியாகவே வரைந்து, தனி எழுத்து என்று சொல்லி அதை ஏமாற்றினாள். மொத்தம் ஐம்பத்தொன்று.

என்ன சொல் எழுதுவது என்பதற்குத் திப்பேஸ்வாமிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“அண்ணா, சென்சார்னு கன்னடத்துல எழுதினா புரியுமா?”

“சென்சாரா? அது சினிமாவுல சீனை வெட்டுறதுதானேம்மா? மோட்டாருக்கு எதுக்கு அது?”

“போருக்குள்ள இறக்குற கம்பியை நீங்க எப்படிச் சொல்வீங்க?”

“நீர்க் கம்பின்னுவோம். தண்ணியைத் தொட்டா ஓடும், தொடலைன்னா நிக்கும்.”

நீர்க் கம்பி என்றே எழுதினாள்.

போர்டு அச்சடிக்கிற பட்டறைக்காரன் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுப் போன் செய்தான். “மேடம், இதுல ஏதோ கன்னடம் மாதிரி வருது. மெஷின் எடுக்காது.”

“மெஷினுக்கு ஏதுப்பா பாஷை? கோடு. அங்க இருந்து இங்க வரைக்கும் கோடு. ஏ-வும் கோடுதான், இதுவும் கோடுதான். போட்டுப் பாரு.”

போட்டுப் பார்த்தான். முதல் மாதிரியில் பாதிச் சுழிகள் மையில் அடைத்துக்கொண்டன. “நான்தான் சொன்னேனே” என்றான். அவள் எழுத்தின் உயரத்தைக் கூட்டினாள். இடம் பத்தாமல் மூன்று பாகங்களைத் தள்ளி உட்கார வைத்து, செம்புத் தடங்களை மறுபடி வரைந்தாள். இரண்டாவது மாதிரி வந்தது. சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பச்சையின் மேல் வெள்ளையாக, கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது. ஆங்கிலத்தையும் அவள் விட்டுவிடவில்லை. கன்னடத்துக்குக் கீழே சின்னதாக நின்றது. நான் டெஸ்ட் செய்து, சரி என்று கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள். கடைசிக் கையெழுத்து முதலாளியுடையது. வரைபடத்தை அவர் மேஜையில் கன்னடம் தெரியும்படி மேல்தாளாகவே வைத்தாள். அவர் போனில் பேசிக்கொண்டே, குனிந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

நானூறு போர்டு வந்திறங்கியது. முக்கால்வாசி ஈயம் வைத்து முடிந்திருந்த ஒரு புதன்கிழமை, டீலர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஹாலைச் சுற்றிக் காட்ட வந்தார் சேஷகிரி. ஒரு போர்டைக் கையில் எடுத்தார். அப்படியே நின்றார். டீலரைக் காபி குடிக்க அனுப்பிவிட்டு, அரை மணி நேரத்தில் கறுப்பு டேப் ஒரு பெட்டி வரவழைத்தார்.

“வெள்ளிக்கிழமை சரக்குப் போகணும். கன்னட எழுத்து இருக்கிற இடத்துல எல்லாம் டேப்பை வெட்டி ஒட்டுங்க. ஜவரம்மா, ஆளுக்குப் பிரிச்சுக் கொடு.”

ஜவரம்மா டேப் பெட்டியை வாங்கினாள். மேஜை மேல் வைத்தாள். பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“என்ன நிக்கிற?”

“சார், எட்டு வருஷமா இந்த போர்டுல வேலை பார்க்குறேன். மூணாவது ஓட்டை, அஞ்சாவது ஓட்டைன்னு எண்ணி எண்ணித்தான் சொருகுவோம். எது என்னன்னு இந்த வாரம்தான் எங்களுக்கே தெரிஞ்சது. அதை மூடச் சொல்றீங்க.”

“வியாக்கியானம் வேணாம். ஒட்டு.”

“அது என் எழுத்து சார். என் எழுத்து மேல நானே ஒட்ட மாட்டேன்.”

“சரி, நீ ஒட்ட வேணாம். வேற யாராவது ஒட்டுங்க.”

ஒருத்தியும் கையை நீட்டவில்லை. இருபத்தைந்து பேரும் ஈயம் வைக்கிற சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

“வேலை போயிடும், தெரியுமில்ல?”

“போகட்டும் சார். பீண்யாவுல ஈயம் வைக்கத் தெரிஞ்ச கைக்கு வேலைக்கா பஞ்சம்?” என்றாள் ஜவரம்மா. கண்ணை இறக்கவில்லை.

சேஷகிரி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். ஒரு கத்திரிக்கோலை எடுத்து, டேப்பை வெட்டி, தானே ஒட்ட ஆரம்பித்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இணைப்பு முனைகளுக்கு நடுவில் டேப் உட்காரவில்லை. அழுத்தினால் ஒரு பக்கம் எழும்பியது. அதைச் சரிசெய்தால் மறுபக்கம் எழும்பியது. பதினோரு போர்டு ஒட்டினார். பன்னிரண்டாவதில் டேப் விரலில் சுற்றிக்கொண்டது. அதைப் பிய்த்து எறிந்தார்.

“அனுப்பித் தொலைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்காலியில் விட்டுப் போன கோட்டை யாரோ பின்னாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அதோடு முடியவில்லை. மறுநாள் காலை வனஜாக்ஷிக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் வரைபடத்தை மாற்றியதற்கு விளக்கம் கேட்டு. முதலாளி அறைக்கு அவளையும் என்னையும் கூப்பிட்டார்கள். என் முன்னால் டைப் அடித்த ஒரு தாள் தயாராக இருந்தது. எழுத்து மாற்றம் எனக்குத் தெரியாமல் நடந்தது என்று அதில் இருந்தது.

“இதுல ஒரு கையெழுத்துப் போடு லோகேஷ். உனக்கு ஒண்ணும் வராது” என்றார் சேஷகிரி. அன்பாகத்தான் சொன்னார்.

வனஜாக்ஷி என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேனாவை எடுத்தேன். பதினொரு வருஷம் எழுதிய மஞ்சள் சீட்டுகள் நினைவுக்கு வந்தன. இதுவும் ஒரு சீட்டுதான். கை பழகியதுதான்.

பேனாவை வைத்துவிட்டேன். “தெரியும் சார். டெஸ்ட் பண்ணினது நான்தான். சிராக்காரர் போர்டுல பயனர் தவறுன்னு எழுதினதும் நான்தான். அதுதான் பொய். இது உண்மை.”

அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு வனஜாக்ஷியிடம் திரும்பினார். “நீ என்ன சொல்ற?”

“நான்தான் மாத்தினேன் சார். மறுபடியும் மாத்துவேன். வரைபடத்துல உங்க கையெழுத்தும் இருக்கு.”

“அந்த எழுத்து ஃபைலைக் கம்பெனி பேர்ல எழுதிக் கொடுத்திடு.”

“கம்பெனி நேரத்துல பண்ணாதேன்னு சொன்னீங்க. பண்ணல. ஞாயித்துக்கிழமை, என் வீட்ல, என் கம்ப்யூட்டர்ல பண்ணேன். எழுதினது ஜவரக்கா, சாப்பாட்டு நேரத்துல. கம்பெனிக்கு இதுல என்ன இருக்கு?”

அன்று சாயங்காலமே ஜவரம்மாவிடம் கேட்டாள். “யார் வேணாலும் எடுத்துக்கட்டுமா அக்கா?” “எழுத்து என்ன, அண்டாவா, குடுத்தா குறைய?” என்றாள் ஜவரம்மா. வனஜாக்ஷி அதை இணையத்தில் எல்லோருக்கும் இலவசம் என்று போட்டுவிட்டாள். ஃபைலின் பெயர் ‘ஜவரம்மா’.

அவள் கைக்கு வர வேண்டியிருந்த டிசைன் தலைமைப் பொறுப்பு, அவளுக்கு நான்கு வருஷம் பின்னால் சேர்ந்தவனுக்குப் போனது. என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஸ்க்ரூ எண்ணிக் கொடுக்கிற வேலை. வருத்தம் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். முதல் இரண்டு மாதம் வீட்டில் சொல்லவே இல்லை. ஜவரம்மாவையும் மற்றவர்களையும் சேஷகிரி தொடவில்லை. இருபத்தாறு பேரை ஒரே நாளில் அனுப்பிவிட்டு லைனை ஓட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

நானூறில் ஒரு போர்டை நானும் வனஜாக்ஷியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராவுக்குக் கொண்டுபோனோம். திப்பேஸ்வாமியின் கட்டு அவிழ்ந்திருந்தது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. மிச்ச விரல்களால் போர்டைப் பிடித்து, ஒவ்வொரு முனையாக வாய்விட்டுப் படித்தார். மோட்டார். பூமி. நீர்க் கம்பி.

“நல்லா இருக்கு. இதை முன்னாடியே பண்ணியிருக்கலாமே?” என்றார்.

அவர் வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டோம். எனக்கு இறங்கவில்லை.

மழைக்காலம் முடியும்போது, கம்பியை மாற்றிச் சொருகியதால் கருகி வந்த போர்டுகள் இரண்டே இரண்டு. முன்பெல்லாம் முப்பதுக்குக் குறையாது. சேஷகிரி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த ஆர்டர் வரைபடத்தில் கன்னடத்தை எடுக்கச் சொல்லவும் இல்லை. ராய்ச்சூர் டீலர் ‘அந்தக் கன்னட போர்டு’ என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தார். தும்கூரு கண்காட்சியில் அது தன் யோசனை என்று சேஷகிரி யாரிடமோ சொன்னதாகக் காதில் விழுந்தது. வனஜாக்ஷியிடம் சொன்னேன்.

“சொல்லிக்கட்டும். எனக்கு வேற வேலை இருக்கு” என்றாள்.

அந்த வேறு வேலை என்ன என்று போன வாரம் தெரிந்தது. ஸ்டோரிலிருந்து ஹாலுக்கு ஈயச் சுருள் கொண்டுபோனேன். சாப்பாட்டு நேரம். ஹிந்துபூர்க்காரி வெங்கடலட்சம்மா கட்டம் போட்ட தாளில் மார்க்கர் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். எதிரில் வனஜாக்ஷி. பக்கத்தில் நின்று, சுழி சின்னதாக இருக்கிறது என்று ஜவரம்மா அதட்டிக்கொண்டிருந்தாள். அனந்தபூருக்கும் எங்கள் போர்டு போகிறது.

வாசலில் சேஷகிரி வந்து நின்றார்.

“இது என்ன பாஷை?”

“தெலுங்கு சார்” என்றாள் வனஜாக்ஷி, நிமிராமல்.

“யாரு சொன்னா பண்ணச் சொல்லி?”

“யாரும் சொல்லல சார்.”

வெங்கடலட்சம்மாவின் பேனா நிற்கவில்லை. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் முடிய இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. திரும்பிப் போனார்.